ஏழு பேரின் காலும் ஒரு இஞ்சின் பெல்ட்டும்

பாத்தி மிதிப்பது என்றால் சேற்றில் சும்மா நடப்பது என்று பலர் நினைக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் உப்பளத்துப் பாத்திகளின் தரை கொழகொழவென்று கிடக்கும். அப்படியே தண்ணீர் கட்டினால் உப்பு மண்ணோடு சேர்ந்து கறுத்துவிடும். அதனால் முதலில் தரையை இறுக்க வேண்டும். ஏழு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்று, ஒரே நேரத்தில் வலது காலைத் தூக்கி, குதிகாலால் அழுத்தி வைத்து, பிறகு இடது காலைத் தூக்கி, அரை அடி அரை அடியாக முன்னால் போவோம். வரப்பு வந்ததும் திரும்புவோம். ஒருவர் கால் முந்தினாலும் பிந்தினாலும் பக்கத்தில் இருப்பவர் மிதித்த இடம் மேலே புடைத்துக்கொள்ளும். திரும்ப மிதிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் மிதித்தால் தரை கையால் தடவிப் பார்க்கிற மாதிரி வழவழப்பாகிவிடும். அதற்குப் பிறகுதான் உப்புத் தண்ணீர்.

மரக்காணத்தில் எங்கள் ஏழு பேரில் நான் ஒருவன், என் மனைவி ஒருத்தி. வரிசையின் நடுவில் நிற்பவர் அனுமந்தையிலிருந்து இங்கே வாழ வந்த அக்கா. அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். அவர் மட்டும் கடல் தண்ணீர் காய்கிற இடத்துக்கு வந்துவிட்டார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். மிதிக்கும்போது அவர்தான் பாட்டு எடுப்பார். பெரிய பாட்டு எதுவும் இல்லை. அன்றைக்குக் கண்ணில் எது படுகிறதோ அது. மேஸ்திரி புதுச் சட்டையில் வந்தால் சட்டை. வரப்பில் கொக்கு நின்றால் கொக்கு.

"கொக்கு நிக்குது வரப்புல, கூட மிதிக்க வரலாமே" என்று அவர் இழுத்தால் மற்றவர்கள் "வரலாமே" என்று திருப்பிச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். மிதிப்பேன்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள், எங்கள் பங்குக் கோயிலில், அதாவது சர்ச்சில், பாடற்குழுவை நடத்துகிற டீச்சர் அளத்துக்கு வந்தார். திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. அவருடைய அப்பாவும் அளத்தில் உப்பு வாரியவர்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று நாங்கள் இரண்டு தடவை போய்த் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சர், உள்ள வந்துடாதீங்க, கால் புதைஞ்சிடும்" என்றாள் என் மனைவி.

"நான் வரல. நீங்க பாடுறத நிறுத்தாதீங்க."

வந்த காரணத்தைப் பிறகு சொன்னார். அடுத்த வாரம் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பாடற்குழு ஒரு புதுப் பாட்டு பாடப் போகிறது. அளத்தைப் பற்றி அவரே எழுதியது. அதற்கு டிரம், தபேலா எதுவும் வேண்டாம். எங்கள் கால்தான் தாளம். நடுவில் அக்கா தன் பாட்டை எடுக்க வேண்டும்.

"நான் உங்க கோயில்ல வந்து பாடலாமாம்மா? உங்க சாமியாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?" என்று கேட்டார் அக்கா.

"அவரு உப்பு போட்டுத்தான் சாப்பிடுறாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

ஆறு பேரும் சரி என்றார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வரப்பைப் பார்த்தேன்.

"அவரு வருவாரு" என்றாள் என் மனைவி. "வாய்தான் வராது. காலு வரும்."

அவள் சொன்னது சரிதான். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. நான் நாலாவது படிக்கும்போது, கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடுகிற பிள்ளைகளோடு என்னையும் சேர்த்தார்கள். பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் இரண்டாவது நாளே என் தலையில் கை வைத்து, "நீ வாயை மட்டும் அசைச்சா போதும்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து பூசையில் எல்லாரும் பாடும்போது நான் வாயை மட்டும்தான் அசைக்கிறேன். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக்கூட அது தெரியாது. ஒரு பாட்டில் எனக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. கால் என்றதும், இதிலாவது என்னை யாரும் அசைத்தால் போதும் என்று சொல்ல முடியாது என்று நினைத்தேன். அதனால்தான் வரப்பைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வார்கள்.

முதல் ஒத்திகை ஞாயிறு சாயந்தரம், கோயில் வாசல் சிமென்ட் தரையில். பாடற்குழுப் பிள்ளைகள் படிக்கட்டில் நின்றார்கள். நாங்கள் ஏழு பேரும் கீழே வரிசையாக நின்றோம். டீச்சர் கையைத் தூக்கினார். நாங்கள் காலைத் தூக்கினோம்.

என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பதினாலு காலும் பதினாலு பக்கம் போயின. அளத்தில் வருஷக்கணக்காக ஒன்றாக விழுந்த கால்கள், அங்கே பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களின் கால்கள் மாதிரி விழுந்தன. டீச்சர் கையைத் தட்டிக் காட்டினார். அதைக் கவனித்தால் பாட்டு போனது. பாட்டைக் கவனித்தால் கால் போனது. அக்கா பாதி வரியில் நிறுத்திவிட்டார்.

கீபோர்டு வாசிப்பவர் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். "டீச்சர், ரிதம் பேட்ல தாளம் போட்டுக்கலாம். கால் சத்தம் கூட இதுல ஏத்தி வெக்கலாம்" என்றார்.

"வேணாம். இவங்களுக்குச் சிமென்ட் பழக்கமில்ல" என்றார் டீச்சர்.

"இவருக்கு வெக்கம். காலைத் தூக்கவே இல்ல" என்று அக்கா என்னைக் காட்டினார். பாதி உண்மை.

சிமென்ட்தான் காரணம் என்று எல்லாரும் முடிவு செய்தோம். புதன்கிழமை அளத்து மேஸ்திரியிடம் கேட்டு, ஒரு டிராக்டர் களிமண் கொண்டுவந்து, கோயில் வாசலில் பெரிய தார்ப்பாய் விரித்து அதன்மேல் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் குழைத்தோம். ஃபாதர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா, கோயில் வாசல்ல அளம் போடப் போறீங்களா? நான் வேலைய வுட்டுட்டு உப்பு வாரணுமா?"

"திருவிழா முடிஞ்சதும் எடுத்துடுவோம் ஃபாதர்."

அதே களிமண். அதே ஈரம். அதே ஏழு பேர். கால் சேரவில்லை. வேட்டியையும் சேலையையும் மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை சேறாக, கோயில் வாசலில் நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் மிதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, படிக்கட்டில் நின்ற பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"சனிக்கிழமை ஒரு தடவ பார்க்கலாம். வரலன்னா பேட் போட்டுக்குவோம். நீங்க யாரும் மனசு வருத்தப்படக் கூடாது" என்றார்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக ஒரு கேள்வி இருந்தது. மண் ஒன்றுதான், ஆள் ஒன்றுதான் என்றால், அளத்தில் இருந்து கோயில் வாசலுக்கு வராமல் நின்றுவிட்டது எது?

வியாழக்கிழமை காலையில் மிதிக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காற்றா? கோயில் வாசலிலும் அதே கடல்காற்றுதான். வெயிலா? திருக்கை மீன் வாலால் அடித்த மாதிரி வெயில் எங்கள் முதுகில் விழுந்தது உண்மை. ஆனால் வெயிலுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? கால்கள் எந்தக் குறையும் இல்லாமல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. அக்கா டிராக்டரைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்கு டீசல் தீர்ந்து, தண்ணீர் இறைக்கிற ஆயில் இஞ்சின் நின்றது. தினமும் அந்த நேரத்துக்கு நிற்கும். இஞ்சின் நின்றால் டீ. அதுதான் எங்களுக்குக் கடிகாரம். டீசல் ஊற்றி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுவதற்குள் டீயைக் குடித்துவிடுவோம். அன்றைக்கு டீக்காரர் வரவில்லை.

"அவன் வண்டி பஞ்சராம். சும்மா உக்காந்து என்ன பண்றீங்க, அந்தக் கோடிவரைக்கும் முடிச்சுடுங்க" என்றார் மேஸ்திரி.

முணுமுணுத்துக்கொண்டே மறுபடி இறங்கினோம். பத்து அடி போவதற்குள் என் மனைவியின் கால் என் காலில் இடித்தது. அந்தப் பக்கம் ஒருவர் தடுமாறினார்.

"யாருய்யா அது பின்னால இழுக்கிறது?" என்று அக்கா கத்தினார்.

யாரும் இழுக்கவில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். கோயில் வாசலில் கேட்ட அதே சத்தம். பஸ் பிடிக்க ஓடுகிற கால்கள்.

போய் டீசல் ஊற்றி, ஹேண்டில் போட்டு இஞ்சினை ஓட்டிவிட்டு வந்து வரிசையில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பதினாலு காலும் ஒன்றாகிவிட்டன. யாரும் அதைக் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்கள்? இஞ்சின் ஓடாத நேரத்தில் நாங்கள் ஒரு நாளும் மிதித்ததில்லை. அது நின்றால் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருப்போம்.

மத்தியானம் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் வரப்பு மேலேயே நடந்தேன். கிழக்குப் பக்கத்து அளத்தில் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த இஞ்சின் எங்களுடையதைவிட வேகமாக அடித்தது. அவர்கள் காலும் எங்கள் காலைவிட வேகமாக விழுந்தது. ஒன்றாக விழுந்தது. அங்கிருந்து கால்வாய் ஓரத்து அளத்துக்குப் போனேன். அங்கே கரண்ட் மோட்டார். பெல்ட் கிடையாது, சக்கரம் கிடையாது, 'ஊம்' என்று ஒரே மாதிரி ஓடும். அங்கே ஒன்பது பேர், புளியமரத்தை உலுக்கினால் காய் விழுகிற மாதிரி மிதித்துக்கொண்டிருந்தார்கள். மிதித்த இடத்தைத் திரும்ப மிதித்தார்கள்.

"என்னண்ணே, உங்க மேஸ்திரி உன்ன வேவு பாக்க அனுப்புனாரா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லம்மா. மிதிக்கும்போது பாடுவீங்களா?"

"பாட்டா? பேசிக்கிட்டு இருப்போம். பாட்டு ஒட்டாது."

அந்த 'ஒட்டாது' என்ற பதிலை வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் திருவிழாவுக்காக என் மச்சான் வந்திருந்தான். என் மனைவியின் தம்பி. இரும்பையில் குடியிருக்கிறான். ஆரோவில்லில் வாத்தியங்கள் செய்கிற ஒரு பட்டறையில் வேலை. குழாயை அறுத்து அது என்ன சுருதி என்று தட்டிப் பார்ப்பது அவன் வேலை. அவனை வாசலில் நிறுத்தியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாமா, கல்யாணத்துலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் நீங்க பேசினத எல்லாம் சேத்தாலும் இவ்வளோ வராது" என்றான். ஆனால் கூடவே வந்தான்.

இஞ்சின் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பிறகு தலையை ஆட்டினான்.

"இல்ல மாமா. இது வேற. இஞ்சின் வெடிக்கிறது ரொம்ப வேகம். அது ஓடுது, நீங்க நடக்கிறீங்க. இதுக்கு எப்படிக் கால் போட முடியும்?"

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. கையைக் காதோரம் குவித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினான்.

"உள்ள இன்னொன்னு இருக்குது. டப்... தக்... டப்... தக்... கேக்குதா?"

கேட்டது. எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இஞ்சினிலிருந்து பம்புக்குப் போகிற நீளப் பெல்ட் இருக்கிறதே, அதன் இரண்டு நுனியையும் கிளிப் போட்டுச் சேர்த்த இடம் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். அந்த ஒட்டு சுற்றி வந்து இஞ்சின் சக்கரத்தில் அடிக்கும்போது டப். போய்ப் பம்பு சக்கரத்தில் அடிக்கும்போது தக். வலது கால், இடது கால். மச்சான் வரப்பில் நின்று மிதித்துக் காட்டினான். சரியாக இருந்தது.

அப்போது எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. போன வருஷம் அந்தப் பெல்ட் அறுந்தது. நான்தான் கெட்டுப்போன நுனியில் முக்கால் அடி வெட்டிவிட்டு மறுபடி சேர்த்தேன். அந்த வாரம் அக்கா அடிக்கடி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என்னன்னு தெரியலப்பா, இந்த வருஷம் மூச்சு வாங்குது, வயசாயிடுச்சு" என்று சொன்னார். வயசு இல்லை. முக்கால் அடி பெல்ட். நீளம் குறைந்ததும் ஒட்டு சீக்கிரம் சுற்றி வந்திருக்கிறது, எங்கள் காலும் வேகமாகியிருக்கிறது. மச்சானிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு செல்போனில் இஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டான்.

சனிக்கிழமை சாயந்தரம் அதைக் கோயில் ஸ்பீக்கரில் போட்டான். மற்ற ஆறு பேருக்கும் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. சத்தம் வந்ததும் அக்கா ஒரு நொடி தலையைத் திருப்பினார். அவ்வளவுதான். கால்கள் எழுந்தன, விழுந்தன. களிமண் 'சப்' என்று ஒரே குரலில் பேசியது. டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆனால் இஞ்சின் சத்தத்தில் பிள்ளைகள் பாடியது கேட்கவில்லை. சத்தத்தைக் குறைத்தால் கால் சிதறியது.

"இத அப்படியே போட்டா கரண்ட் போயி ஜெனரேட்டர் ஓடுதுன்னு நெனச்சுக்குவாங்க டீச்சர்" என்றார் கீபோர்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

மச்சான் ஒரு பலகையையும் கட்டையையும் என் கையில் கொடுத்து, "மாமா, டப் தக்குன்னு தட்டுங்க, போதும்" என்றான். தட்டினேன். கால் சேர்ந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அக்கா பாட்டை எடுக்க வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"எங்கேர்ந்து எடுக்கிறதுன்னு தெரியல. அந்தரத்துல நிக்கிற மாதிரி இருக்குது" என்றார்.

மச்சானுக்கு உடனே புரிந்தது. இஞ்சினுக்கு அடி மட்டும் இல்லை, அடிக்குக் கீழே ஒரு ரீங்காரமும் இருக்கிறது. அக்கா தன் பாட்டை அதன் மேல்தான் உட்கார வைத்திருக்கிறார். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துப் பார்த்தார்கள். "இது வேற எதோ அழுவுது. நம்ம இஞ்சின் இல்ல" என்றார் அக்கா.

"யாராவது வாயால பண்ணணும்" என்றான் மச்சான். "ம்ம்முன்னு இழுத்துக்கிட்டே, நடுவுல டப், தக். ஸ்பீக்கர் வேணாம், அவங்க காதுக்குக் கேட்டா போதும். அந்த இஞ்சின நல்லாத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலேயே தெரிந்தது. தினமும் காலையில் ஹேண்டில் போடுகிறவன் நான்தான்.

என் மனைவி மெதுவாக, "ஏங்க, முடியலன்னா வுட்டுடுங்க. பேட் போட்டுக்கட்டும்" என்றாள். அவள் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். முடியாது என்று சொன்னால் அன்றோடு முடிந்தது. எனக்கு மட்டும் இல்லை, ஏழு பேருக்கும். இரண்டு நாள் வரப்பு வரப்பாக நடந்து நான் கண்டுபிடித்தது கடைசியில் என் வாய்க்குள்ளேயே வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

"டீச்சர்" என்றேன். "திரும்பி நின்னுக்கலாமா? ஜனங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு?"

"தாராளமா. நீங்க இவங்களப் பார்த்துத்தான் நிக்கணும். நானே அப்படித்தான நிக்கிறேன்" என்றார்.

நான் வரிசையிலிருந்து விலகி, ஆறு பேருக்கும் எதிரே களிமண்ணில் நின்றேன். அவர்கள் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. காலைப் பார்த்தேன். காலையில் முதல் தடவை இஞ்சின் பிடித்துக்கொள்ளும்போது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மூக்கு வழியாக 'ம்ம்' என்று இழுத்தேன். மோசமாக நடுங்கியது. இஞ்சினும் காலையில் அப்படித்தான் நடுங்கும். பிறகு உதட்டால் டப். நாக்கால் தக். ஆறு பேரின் கால்களும் எழுந்தன.

அக்கா என் தலைக்கு மேல் எங்கேயோ பார்த்துக்கொண்டு பாட்டை எடுத்தார்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எச்சில் விழுங்குவதற்காக ஒரு நொடி நிறுத்தினேன். அந்த நொடியே ஆறு பேரும் நின்று, களிமண்ணை விட்டு இறங்கி, சேலை நுனியாலும் துண்டாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் வைத்திருந்த டீக்கேனைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். படிக்கட்டில் பிள்ளைகள் பாதி வரியில் திகைத்து நின்றார்கள்.

"எங்கக்கா போறீங்க?" என்றார் டீச்சர்.

"இஞ்சின் நின்னுடுச்சேம்மா" என்றார் அக்கா. சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்ததும் பிள்ளைகள் எல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். கீபோர்டுக்காரர் பேட்டின் வயரைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசல் நிறைய ஜனம். என் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு பேர் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலி இழுக்கிற சத்தத்தை வைத்து நிறைய என்று தெரிந்தது. எங்கள் களிமண் நாலு நாளாக அங்கே வெயிலில் கிடந்தது. மத்தியானம் தண்ணீர் தெளித்தோம். ஆனால் மேலே மட்டும்தான் இளகியது, அடியில் பசை மாதிரி ஆகியிருந்தது. அதை நாங்கள் மிதித்துப் பார்க்கவில்லை. களிமண்ணோடு காலம் தள்ளுகிறவர்கள் அதைச் சோதிக்காமல் விட்டது எங்கள் தப்பு.

டீச்சர் கை உயர்ந்தது. நான் இஞ்சினைப் பிடிக்க வைத்தேன். முதல் பாகம் ஒத்திகையில் வந்த மாதிரியே வந்தது. பிள்ளைகள், வெள்ளைக் குவியலுக்கு முன்னால் சூரியன் கண்ணைக் கூசிக்கொள்கிறது என்று பாடினார்கள். எனக்கு மூச்சு போதுமா என்ற பயம் போய்விட்டது. மூக்கால் இழுத்துக்கொண்டே உதட்டால் அடிப்பது எப்படி என்று உடம்பே பழகிக்கொண்டது. நான் ஆறு ஜோடிக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் பாட்டு வந்தது. அன்றைக்குக் கண்ணில் பட்டதைத்தான் அவர் பாடினார். கோயில் வாசலில் நிற்கிற புறாவைப் பற்றி. இரண்டாவது வரியில் அவருடைய வலது கால் களிமண்ணில் அப்பிக்கொண்டது. குதிகால் எழுந்தது, விரல்கள் எழவில்லை. நான் அதைப் பார்த்தேன். அடுத்த டப் என் உதட்டில் வந்துவிட்டது. அளமாக இருந்தால் பெல்ட் ஒட்டு சுற்றி வந்து அடித்திருக்கும், அக்கா விழுந்து எழுந்து இரண்டு அடி தள்ளிச் சேர்ந்திருப்பார், அவரைப் பார்த்து எல்லாரும் திட்டியிருப்பார்கள். நான் அடிக்கவில்லை. 'ம்ம்' என்று இழுத்துக்கொண்டே இருந்தேன்.

மற்ற ஐந்து பேரின் காலும் தூக்கியபடியே நின்றன. அக்கா புறாவை இழுத்துக்கொண்டே இருந்தார். படிக்கட்டில் டீச்சரின் கை காற்றில் நின்றது, அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நாற்காலிச் சத்தமும் நின்றுவிட்டது. களிமண் அக்காவின் விரல்களை விட்டது. நான் டப் என்றேன். ஆறு பேரின் கால்களும் ஒன்றாக விழுந்தன. அவ்வளவு பெரிய 'சப்' அதற்கு முன்னால் வந்ததில்லை.

பாட்டு முடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை அப்படிக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்று அக்காவுக்கு, ஒன்று என் மனைவிக்கு.

முடிந்ததும் கோயில் பின்பக்கம் குழாயடிக்குப் போனோம். கீபோர்டுக்காரர் பின்னாலேயே வந்தார். மச்சான், டீச்சர், பிள்ளைகள் நாலைந்து பேர் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

"அண்ணே, பயந்தே போயிட்டேன். நடுவுல தாளத்த எங்க வுட்டீங்க?" என்றார் அவர்.

எனக்குப் பதிலாகச் சொல்வதற்கு என் மனைவி வழக்கம்போல வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"வுடலப்பா. அக்கா காலு இன்னும் வரல. அதான் நின்னேன்."

அவர் தலையை ஆட்டினார். "பேட் நிக்காது" என்றார்.

"இஞ்சினே நிக்காது" என்றார் அக்கா. குழாயைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலிலிருந்த சேற்றை விரலால் வழித்தெடுத்துக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலையில ஹேண்டில் போடும்போது அதுகிட்டயும் கொஞ்சம் சொல்லி வையிப்பா."